திறக்கத் தெரிந்தவருக்கே சொந்தம்

ஜெர்மனியில் பழைய மோட்டார் கார்களைப் பிரித்துப் பூட்டிச் சனிக்கிழமைகளைக் கழிக்கிறவர்களைப் பற்றிச் சில மாதங்களுக்கு முன் நாலு நல்ல வார்த்தை எழுதியிருந்தேன். அது பலருக்குப் பொறுக்கவில்லை. “துருப்பிடித்த தகரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பது பணக்காரர்களின் விளையாட்டு. அதைப் பார்த்து உங்களுக்கு என்ன பரவசம்?” என்று ஓர் அன்பர் எழுதினார். “புகை கக்கும் பிசாசுகளுக்கு வக்காலத்து வாங்குகிறீரே, அடுத்த தலைமுறை மூச்சு விட வேண்டாமா?” என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சரித்திரம் வாசித்தவர். “அந்த வண்டு மாதிரிக் கார் யாருடைய ஆசையில் பிறந்தது என்று தெரியுமா?” என்று ஒரே வரியில் கேட்டு முடித்துவிட்டார்.

மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் மூன்றுக்கும் பின்னால் நாலாவது கேள்வி ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. “படித்தவன், உத்தியோகஸ்தன், கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பானா?” என்பதே அது. என் சண்டை உண்மையில் அந்தக் கேள்வியோடுதான்.

நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு வெளியே ஒரு பட்டறை. அதன் சொந்தக்காரர் வண்டிகளைப் பழுது பார்ப்பதில்லை. இடத்தையும், வண்டியைத் தூக்கும் லிஃப்டையும், கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார். வண்டியைக் கொண்டுவருகிறவர் தாமே வேலை செய்துகொள்ள வேண்டியதுதான். ஜெர்மனியில் பல ஊர்களில் இப்படிப்பட்ட வாடகைப் பட்டறைகள் உண்டு. அந்த நகரத்தில் உத்தியோகமாயிருக்கும் என் சிநேகிதர் ஒரு சனிக்கிழமை அங்கே என்னை அழைத்துப் போனார்.

ஒரு பக்கம் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ், தம் தகப்பனார் வைத்துப்போன 1972-ஆம் வருஷத்து வோக்ஸ்வேகன் வண்டுக் காருக்கு டேப்பட் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, காற்றில் குளிர்வது. வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். இரவெல்லாம் ஆறிக் குளிர்ந்த எஞ்சினில் வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே 0.15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஃபில்லர் கேஜின் மெல்லிய தகட்டை அந்தச் சந்தில் நுழைத்து, இழுத்து, அது லேசாகப் பிடித்தும் பிடிக்காமலும் வருகிறதா என்று விரலால் உணர வேண்டும். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தார். ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற முகம்தான் அது.

அடுத்த லிஃப்டில் ஒரு மெர்ஸிடிஸ் 200 டீசல். 1976 முதல் 1986 வரை சுமார் 27 லட்சம் வண்டிகள் வெளிவந்த ஜாதி. ஜெர்மன் டாக்ஸிக்காரர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டித் தேய்த்த வண்டி. அதன் அடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் முகமூடி போட்டுக்கொண்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக அந்த நாட்டுச் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். உப்பு இரும்பைத் தின்கிறது. எஞ்சின் சாகாமல் இருக்கும், உடம்பு செத்துக்கொண்டிருக்கும். துருவை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வைத்து ஒட்டுவதுதான் இந்த மனிதர்களின் பாதி வாழ்க்கை.

மூன்றாவது ஒரு பி.எம்.டபிள்யூ. 2002. அதன் கார்புரேட்டரை ஓர் இளைஞர் சீர் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி ஒருவர், தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். ஒன்றும் பேசாமல் ஸ்குரூவைக் கால் திருகு திருகினார். சத்தம் சீராயிற்று. உடனே அந்தக் கால் திருகைத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, ஸ்குரூ டிரைவரை இளைஞர் கையில் கொடுத்தார். “நீயே கண்டுபிடி” என்று அர்த்தம். இளைஞருக்கு அரைமணி ஆயிற்று. பெரியவர் போகவில்லை, உதவவும் இல்லை, காப்பி குடித்துக்கொண்டு நின்றார். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இது பணக்காரர்களின் விளையாட்டா?

பணக்காரர்களின் விளையாட்டு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. 2022 மே மாதம், அதே ஸ்டுட்கார்ட் நகரத்தில், 1955-ஆம் வருஷத்து மெர்ஸிடிஸ் ஒன்று 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. உலகத்தில் அப்படி இரண்டே வண்டிகள். பணம் கல்வி உதவி நிதிக்குப் போனது என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த ஏலத்தில் கை தூக்கியவருக்கும், தரையில் முதுகை வைத்து வெல்டிங் பொறி கழுத்தில் விழாமல் ஒதுங்கும் வாத்தியாருக்கும் என்ன உறவு? கோயில் நகையை வங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவருக்கும், கோயிலில் விளக்குத் துடைக்கிறவருக்கும் உள்ள உறவுதான். சொல்லப்போனால் முன்னவர் பின்னவருக்குச் சத்துரு. விலை ஏறட்டும் என்று பழைய காரை வாங்கி ஓட்டாமல், திறக்காமல், குளிரூட்டிய கொட்டகையில் நிறுத்தி வைக்கிறவரால்தான் நர்ஸுக்கும் வாத்தியாருக்கும் உதிரிச் சாமான் விலை ஏறுகிறது. ஆகவே இரண்டு கூட்டத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

இந்த எளிய கூட்டம் பணத்துக்குப் பதிலாகச் சேர்க்கையை நம்புகிறது. கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை ஒன்று வேண்டும், அது எங்கும் செய்யப்படுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போய்க் கேட்டால் எந்தத் தொழிற்சாலையும் அச்சு வார்க்காது. சங்கத்தின் அங்கத்தினர்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டால் வார்க்கும். யாரோ ஒருவர் பழைய வரைபடத்தைத் தேடிப் பிடிப்பார். இன்னொருவர் தம் வண்டியிலிருந்த பழைய ரப்பரைக் கழற்றி மாதிரிக்குக் கொடுப்பார். இப்படிப்பட்டவர்களின் பிடிவாதம் பெரிய கம்பெனிகளையும் அசைத்திருக்கிறது. 1993 முதல் மெர்ஸிடிஸ் கம்பெனியே ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலுள்ள ஃபெல்பாஹில் தன் பழைய வண்டிகளுக்கென்று ஒரு நிலையம் வைத்திருக்கிறது.

சரித்திரம் வாசித்த அன்பருக்கு அடுத்த பதில். ஆம், வண்டுக் காரின் பிறப்பு அவமானமான பிறப்புத்தான். 1938-இல் நாஜிகள் அந்தத் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். வாரம் ஐந்து மார்க் வீதம் ஸ்டாம்பு வாங்கி ஒட்டினால் கார் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள். சுமார் 3,36,000 பேர் பணம் கட்டினார்கள். ஒருவருக்குக்கூட அந்தத் திட்டத்தில் கார் கிடைக்கவில்லை. யுத்தம் வந்தது, தொழிற்சாலை ராணுவத்துக்கு உழைத்தது, பிடித்துக்கொண்டு வந்த அயல்நாட்டாரையும் முகாம் கைதிகளையும் அங்கே அடிமைகளாக வேலை வாங்கினார்கள். 1945-இல் குண்டு விழுந்து கிழிந்த அந்தக் கட்டடத்தை ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் மேஜர் ஒட்டுப்போட்டு ஓட வைத்தார். தோற்ற ஜனங்கள் கூரை இல்லாத கூடத்தில் நின்று கார் செய்தார்கள்.

இதையெல்லாம் மறைக்க வேண்டும் என்று யார் சொன்னது? பட்டறையில் நான் பேசிய வண்டுக்காரர்களுக்கு இது மனப்பாடம். வண்டியைப் பிரித்துப் பார்க்கிறவனுக்கு அதன் வம்சாவளியும் தெரிந்துவிடுகிறது. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூஜை செய்கிறவனுக்குத்தான் சரித்திரம் இடைஞ்சல். ஒரு கொடுங்கோலன் பொய்யாக வாக்களித்த பொருளை, பிற்காலத்தில் சாதாரண மனிதர்கள் மெய்யாகவே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 2003 ஜூலையில் மெக்ஸிகோவில் கடைசி வண்டு வெளிவந்தபோது மொத்தக் கணக்கு 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இத்தனை வண்டிகளை ஓட்டியவர்கள் அந்தக் கொடுங்கோலனின் பக்தர்கள் என்று சொன்னால், அது சரித்திர ஞானம் ஆகாது.

புகையைப் பற்றிய கேள்விக்கு நான் தப்பிக்கப் பார்க்கப் போவதில்லை. பழைய டீசல் புகைக்கிறது. புகையை வடிகட்டும் கருவி அதில் இல்லை. எல்லாரும் தினமும் இதைத்தான் ஓட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவரை எதிர்த்து முதல் கடிதம் நான் எழுதுவேன். ஜெர்மன் சட்டம் 1997 முதல், 30 வயதைத் தாண்டி, பழைய உருவம் கெடாமல், நல்ல நிலையில் பேணப்பட்ட வண்டிக்கு நம்பர் பலகையில் ‘எச்’ என்ற எழுத்தைக் கொடுக்கிறது. வருஷ வரி எஞ்சின் எத்தனை பெரிதானாலும் சுமார் 190 யூரோ. புகைக் கட்டுப்பாடு உள்ள நகர எல்லைக்குள்ளும் நுழையலாம். அந்தக் கடைசிச் சலுகை கூடாது என்று வாதாடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சலுகை பெற்ற அந்த வண்டியும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய், பிரேக்கையும் விளக்கையும் அடித்தட்டின் துருவையும் காட்டித் தேற வேண்டும். அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் அது தேறாது.

ஆனால் புகையின் பேரைச் சொல்லி நடந்த ஒரு காரியத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-இல் வியாபாரம் படுத்துவிட்டது. கார் கம்பெனிகள் தவித்தன. ஜெர்மன் அரசாங்கம் ஒரு வழி கண்டது. ஒன்பது வயதாவது ஆன காரை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்குகிறவருக்கு 2,500 யூரோ இனாம். இதற்காக 500 கோடி யூரோ ஒதுக்கினார்கள். செப்டம்பருக்குள் அத்தனையும் தீர்ந்தது. சுமார் 20 லட்சம் வண்டிகள் உடைப்புக்குப் போயின. இந்தத் திட்டத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘சுற்றுச்சூழல் வெகுமதி’! ஜனங்கள் அதை உடைப்புப் பணம் என்றே சொன்னார்கள். ஜனங்களுக்குத் தமாஷ் உணர்ச்சி இருக்கிறது. ஒன்பது வயது என்பது ஒரு காருக்குக் கிழப்பருவமா? ஒரு வண்டியைச் செய்வதற்கு இரும்பை உருக்கிய நெருப்பும், அலுமினியத்தைப் பிரித்த மின்சாரமும் எங்கே போயின? நன்றாக ஓடுகிற வண்டியை நசுக்கிவிட்டு இன்னொன்றைச் செய்வதை இயற்கைக்குச் செய்த உபகாரம் என்று சொல்ல, கூசாத நாக்கு வேண்டும்.

மூன்று கேள்விகளும் தீர்ந்தன. இனி என் கட்சியைச் சொல்கிறேன். ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியதனால் மட்டும் அது நம்முடையதாகிவிடாது. அதைத் திறந்து பார்க்கவும், உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளவும், கெட்டால் சரிசெய்யவும் நமக்கு வழி இருக்க வேண்டும். அந்த வழியை அடைத்துவிட்டு விற்றால், விற்றவர் இன்னும் அதன் சொந்தக்காரராகவே இருக்கிறார். நாம் வாடகைக்குக் குடியிருக்கிறோம்.

பழைய ஜெர்மன் வண்டிகள் இந்த வழியைத் திறந்தே வைத்திருந்தன. 1960-களின் வண்டுக் காரில் முன்கண்ணாடியில் தண்ணீர் பீச்சுவதற்கு மோட்டார் கிடையாது. ஸ்டெப்னி டயரில் இருக்கும் காற்றின் அழுத்தமே தண்ணீரைத் தள்ளும். ஒரு ரப்பர் குழாய், ஒரு குப்பி, அவ்வளவுதான். பத்து வயதுப் பையன் பார்த்தால் புரிந்துகொள்வான். அதற்கும் முந்தைய வண்டுகளில் பெட்ரோல் காட்டும் முள்ளே இல்லை. எஞ்சின் திக்கும்போது காலடியில் உள்ள சின்ன நெம்பைத் திருப்பினால் மிச்சம் வைத்த பெட்ரோல் வரும். 1960-களிலும் 70-களிலும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து டீட்டர் கோர்ப் என்பவரின் கைப்புத்தகங்கள் வெளிவந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ரகக் காருக்கும் ஒரு புத்தகம். வரிசையின் பெயர் ‘இனி எனக்கு நானே உதவிக்கொள்கிறேன்’ என்று அர்த்தப்படும். அந்தப் பெயரைப் போட்டால் புத்தகம் விற்கும் என்று பதிப்பாளர் நம்பிய காலம் அது.

இன்றைக்கு? பல புதிய ஜெர்மன் கார்களில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியே இல்லை. கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி நுழைத்து எடுத்துப் பார்க்கிற அந்தச் சின்ன உரிமையும் போயிற்று. ஒரு திரை சொல்லும்; நீங்கள் நம்ப வேண்டும். 2022-இல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி சில நாடுகளில், வண்டியில் ஏற்கனவே பொருத்தியிருக்கும் இருக்கைச் சூட்டைப் போட்டுக்கொள்ள மாதச் சந்தா கேட்டது. கம்பி உங்கள் இருக்கைக்குள் இருக்கிறது. அதைச் சுமக்கும் பெட்ரோலுக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். ஆனால் சூடு அவர்களுடையது! ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். 2023-இல் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். கைவிட்டார்கள் என்பதைவிட, அப்படிக் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தைரியம் வந்ததுதான் எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. அந்தத் தைரியத்தைக் கொடுத்தது யார்? மூடியைத் திறப்பது நம் வேலை இல்லை என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த நாம்தான்.

இந்த இடத்தில் பெர்த்தா பென்ஸ் அம்மையாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கார்ல் பென்ஸ் என்பவர் மூன்று சக்கர மோட்டார் வண்டி செய்தார். செய்தவருக்கே அதை ஊரறியக் கொண்டுபோகத் தயக்கம். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியிலேயே கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வழியில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோஹ் என்ற ஊரில் மருந்துக்கடையில் கறை போக்கும் திராவகம் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உராய்ந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றிக் காப்புப் போட்டார். சங்கிலியைக் கொல்லரிடம் கொடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார்.

உலகத்தின் முதல் நீண்ட கார்ப் பிரயாணம் ஒரு பழுதுபார்க்கும் பிரயாணம்! அதைச் செய்தவர் எஞ்சினீயரிங் பட்டம் பெற்ற ஆண்மகன் அல்ல. நாலு பிள்ளைகளின் தாய். உடன் நின்றவர்கள் மருந்துக்கடைக்காரரும் கொல்லரும் செருப்புத் தைப்பவரும். அந்த நர்ஸ் அம்மாளின் விரலில் இருக்கும் ஞானம் இந்தப் பரம்பரையில் வந்தது. இதை ஆண்பிள்ளை விளையாட்டு என்றும் பணக்கார விளையாட்டு என்றும் சொல்கிறவர்கள், கார் பிறந்த கதையையே படிக்கவில்லை.

இனி அந்த நாலாவது கேள்வி. வண்டிக்கு அடியில் படுக்கிறவரைப் பற்றி நமக்குள்ளே ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. அது ஜெர்மனியிலிருந்து வந்ததல்ல. எழுதுகிற கை உயர்ந்தது, திருகுகிற கை தாழ்ந்தது என்று பிறப்பிலேயே பிரித்து வைத்த சமூகத்தின் அபிப்பிராயம். பென்ஸ் அம்மையார் தோல் வைக்கச் சொன்ன அந்தத் தொழிலாளியை நாம் எங்கே நிறுத்தியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்; திண்ணைக்குக் கீழேதான்.

ஆனால் பழைய ஜெர்மன் வண்டியைச் சாகவிடாமல் வைத்திருக்கும் வித்தை நமக்கு அந்நியமானதும் அல்ல. 1954-இல் டாடா கம்பெனி டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்தது. மூக்கிலிருந்த மூன்றுமுனை நட்சத்திரம் போய் ‘டி’ எழுத்து வந்தது. நட்சத்திரம் வைத்த லாரிகள் அதற்கப்புறமும் வெகுகாலம் நம் சாலைகளில் நெல்லும் சிமெண்டும் சுமந்தன. அவற்றை ஓட வைத்தவர்கள் யார்? நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரத்தடியில் ஜாக்கியும் ஸ்பானரும் வைத்துக்கொண்டிருந்த மனிதர்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை, கைப்புத்தகம் இல்லை, சனிக்கிழமை இல்லை. ஸ்டுட்கார்ட்டில் அதே வேலையை ஒரு வாத்தியார் ஆசைக்குச் செய்தால் அது கலை. நம் ஊரில் ஒருவர் வயிற்றுக்குச் செய்தால் அது கூலி வேலை. கை ஒன்றுதான். பார்க்கிற கண்ணில்தான் கோளாறு.

2024-இல் ஐரோப்பிய யூனியன், சலவை யந்திரம், குளிர்பெட்டி, கைப்பேசி முதலான சாமான்களைப் பழுது பார்த்துத் தரும் கடமையை உற்பத்தியாளர் தலையில் வைத்துச் சட்டம் இயற்றியது. நம் மத்திய அரசாங்கமும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையத் தளம் திறந்தது. வரவேற்கிறேன். ஆனால் சட்டம் மூடியைத் திறக்கும் உரிமையைத்தான் கொடுக்க முடியும். திறக்கிற கையைக் கொடுக்க முடியாது. கை கூசுகிற ஜாதிக்கு உரிமை எதற்கு?

ஆகவே அன்பர்களே, நீங்கள் பழைய பென்ஸ் வாங்க வேண்டாம். அடுத்த முறை வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உங்கள் பெண்ணைக் கூப்பிட்டு, அதன் அடித்தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று இருவருமாகப் பாருங்கள். சரிசெய்யத் தெரியவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வந்தால் வாசலில் நிறுத்தாதீர்கள். உள்ளே நாற்காலி போடுங்கள். என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று கேளுங்கள். அவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.